குளிரோட ஏன் சண்டை?

கனடாவில வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சச் சட்டம் இடம் குடுக்குது. அங்க இருக்கிற எங்கட பெடியள் சிலர் மாரி வந்தவுடன ஹீற்றர் தேடுவினம். நிலக்கீழ் அறை 12 பாகை செல்சியஸ், மதுவம் உறங்கிப்போகும் எண்டு பயம். என்னைக் கேட்டால், மாத்தவேண்டியது அறையை இல்லை, மதுவத்தை.

ஏல் மதுவத்துக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 பாகை வேணும். லாகர் மதுவமோ 8 முதல் 13 பாகைக்குள் நிதானமாக வேலை செய்யும். பவேரியாவில் 1553இல் கோடையில் பியர் காய்ச்சுவதையே தடை செய்தார்கள். குளிர் அங்கே தொல்லை இல்லை, தேவை.

ஹீற்றரைப் போட்டுப் போட்டு நிப்பாட்டினால் சூடு ஏறி இறங்கும், மதுவம் களைச்சுப்போகும். நொதிக்கேக்க மதுவமும் சூட்டை வெளிவிடும். வாளிக்குள்ள அறையைவிடச் சில பாகை கூடவே இருக்கும். அதனால வெப்பமானியை வாளியில ஒட்டுங்கோ, சுவரில வேண்டாம். வாளியைத் தண்ணித் தொட்டிக்குள்ள வைச்சால் ஏற்ற இறக்கம் குறையும்.

லாகருக்கு மதுவமும் கூட வேணும், கிழமைகளும் கூட வேணும். அவசரம் எண்டால் கடையில வாங்கலாம். வீட்டில காய்ச்சுறவைக்குக் காத்திருக்கத் தெரியவேணும்.