பாலாறு பாழானது விதியாலா?

மேல்விஷாரத்துக் கரையில் நின்று பாலாற்றைப் பார்த்துச் சில கனவான்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்: "இது வறண்ட பூமி. மழை பொய்க்கும், பெய்தால் வெள்ளம் அடிக்கும். சொந்த மண்ணை நம்பி இங்கே யாரும் பிழைக்க முடியாது." தோழர்களே, இந்தக் கணக்கைச் சரி பார்ப்போம்.

வறட்சி உண்மைதான். பாலாறு வற்றாத நதியல்ல. ஆனால் நம் முன்னோர் வந்த வெள்ளத்தை ஏரியில் தேக்கினார்கள். மணலுக்கடியில் ஓடிய நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் விளைந்த மண் இது.

வெள்ளமும் உண்மைதான். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரிலும் ஆறு கரைபுரண்டது. பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் மாண்டனர், அவர்களில் 4 பேர் குழந்தைகள். வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்தால் மழைக்காலத்தில் வெள்ளம் கொல்லும். அடுத்த கோடையில் வறட்சி கொல்லும். இது வானத்தின் குற்றமா?

கனவான்கள் கணக்கில் சேர்க்காத ஆபத்து இன்னொன்று உண்டு. ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம் போய், 1970களுக்குப் பின் ஏற்றுமதிக்காகக் குரோமியப் பதனிடல் பெருகியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்றில் இறங்கியது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதென்று 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பே கூறிற்று. நஷ்டஈட்டை 6 வாரத்தில் கொடுத்து முடியுங்கள் என்று 2025 ஜனவரி 30ல் அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டு! லாபம் மட்டும் ஒரு நாளாவது தாமதமாகப் போய்ச் சேர்ந்ததா?

தோல் தொழிலாளியிடம் முதலாளி சொல்கிறார்: "விவசாயி பேச்சைக் கேட்டால் ஷாப்பு மூடப்படும், உன் அடுப்பில் பூனை தூங்கும்." விவசாயக் கூலியிடமோ, "உன் கிணற்றைக் கெடுத்தவன் தோல் தொழிலாளி" என்று பேச்சு பரப்பப்படுகிறது. பச்சைப் பித்தலாட்டம்! 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தபோது, உறக்கத்திலேயே சேற்றில் மூழ்கிச் செத்த 10 பேரும் யார்? பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிகள். தொழிலாளியின் கையை அரிக்கும் அதே விஷம்தான் கூலியின் கிணற்றிலும் ஊறுகிறது.

அவரவர் தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். பணமுள்ளவன் ஆழத்துக்கு போர் போடுவான், கேன் தண்ணீர் வாங்குவான். அன்றாடங்காய்ச்சி எங்கே போவான்? சுயசார்பு ஒரு வீட்டால் ஆகிற காரியமல்ல. ஆறு முழுவதும் பிழைத்தால்தான் ஊர் பிழைக்கும்.

தொழிலை மூடு என்று நாம் கேட்கவில்லை. கழிவை முதலாளி செலவில் கடைசிச் சொட்டு வரை சுத்திகரி! நஷ்டஈட்டைப் பாக்கியின்றிக் கொடு! ஏரியையும் கால்வாயையும் தூர் வாரு! மணல் கொள்ளையை நிறுத்து! ஷாப்புத் தொழிலாளியும் வயல் கூலியும் ஒரே குரலில் இதைக் கேட்கட்டும். விதி என்று சொல்லித் தப்பிக்க எவருக்கும் வழியிராது.