காஞ்சிக்குப் போகிறீர்களா? தறிச் சத்தத்தையும் கேட்டு வாருங்கள்!

சென்னையில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டார் எங்கே இருப்பார்கள்?

காஞ்சீபுரத்தில்தான் இருப்பார்கள்!

காலையில் வேன் பிடித்துப் புறப்படுவார்கள். காமாட்சி அம்மனைத் தரிசிப்பார்கள். நேரம் இருந்தால் ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள். பிறகு காந்தி ரோடு. அங்கே வரிசையாகப் பட்டுச் சேலைக் கடைகள். மெத்தையில் உட்கார வைத்து, குளிர்ந்த பானம் கொடுத்து, நூறு சேலைகளைப் பிரித்துப் போடுவார்கள். ஏழெட்டுச் சேலைகள் வாங்குவார்கள். இருட்டுவதற்குள் வேன் சென்னைக்குத் திரும்பிவிடும்.

காஞ்சியைப் பார்த்தாகி விட்டது!

ஆனால் அந்தச் சேலையை நெய்தவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? அவர்கள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. காந்தி ரோட்டில் இருந்து அந்தத் தெரு அதிக தூரமும் இல்லை.

இதனால் நஷ்டம் நெசவாளிக்கு மட்டும் அல்ல. சேலை வாங்குகிற நமக்கும்தான். எப்படி என்று சொல்கிறேன்.

சென்னையில் இருந்து காஞ்சி சுமார் 75 கிலோ மீட்டர். பஸ்ஸிலும் போகலாம், செங்கல்பட்டு வழியாக ரெயிலிலும் போகலாம். ரெயில் மெதுவாகத்தான் போகும். ஆனால் வழியில் வயலும் ஏரியும் பார்த்துக்கொண்டே போகலாம். பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போனால் வேறு காட்சி. இருபுறமும் தொழிற்சாலைகள். கார் தொழிற்சாலை, கார் உதிரிபாகத் தொழிற்சாலை, செல்போன் தொழிற்சாலை. இந்தத் தொழிற்சாலைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றைப் பற்றிப் பேச வேண்டி இருக்கிறது.

வென்றவன் தொடாத பொருள்

முதலில் கைலாசநாதர் கோவிலுக்குப் போங்கள். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. கல்யாண வேன்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவது இல்லை. அதனால் அமைதியாகப் பார்க்கலாம்.

பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோவில் இது. மணற்கல்லால் ஆனது. சுற்றுச் சுவரை ஒட்டி 58 சின்னச் சின்ன சன்னதிகள். சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியங்களின் மிச்சம் சிலவற்றில் இன்னும் தெரிகிறது. ஒரு கண், ஒரு கை, ஒரு பட்டாடையின் ஓரம்!

இந்தக் கோவிலில் ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அதன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

பல்லவர்களுக்கும் சாளுக்கியர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. பல்லவர்கள் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். வென்ற அரசன் என்ன செய்வான்? கோவில் பொன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான் என்றுதான் நினைப்போம். அவன் அப்படிச் செய்யவில்லை. கைலாசநாதர் கோவிலின் செல்வத்தைப் பார்த்தான். கோவிலுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான். அப்படிக் கொடுத்ததைக் கல்லில் வெட்டியும் வைத்தான். பிறகு அவனுடைய ராணி, கர்நாடகத்தில் பட்டடக்கல் என்ற ஊரில், இந்தக் கோவிலின் சாயலிலேயே ஒரு கோவில் எழுப்பினாள்.

எதிரியின் மனதையே மாற்றிய கோவில்!

மற்ற கோவில்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியது இல்லை. உங்களுக்கே தெரியும். ஏகாம்பரநாதர் கோவில் ராஜகோபுரத்தை 1509-ம் ஆண்டு கட்டியவர் கிருஷ்ணதேவராயர். வரதராஜர் கோவில் குளத்தில் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வருகிறார். 2019-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 48 நாட்கள் தரிசனம் தந்தார். நெரிசலில் சிக்காமல் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். பார்க்காதவர்கள் 2059-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

கோவில் இட்லியையும் மறந்துவிடாதீர்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேக வைப்பது. ஒரு துண்டு தின்றாலே வயிறு நிறைந்துவிடும்.

தெருவில் நீட்டிய பாவு

இப்போது பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். நெசவாளர்கள் நிறைந்த பகுதி.

காலையில் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி இருப்பார்கள். பாவு என்பது நீளவாட்டில் ஓடும் நூல். மஞ்சளும் மரகதப் பச்சையுமாக, மண்ணுக்கு மேலே ஒரு வானவில் படுத்து இருப்பதுபோல் இருக்கும். இருபுறமும் ஆட்கள் நின்று, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அந்த மரியாதையை அங்கே கண்டேன்.

ஒரு வீட்டுக்குள் சென்றேன். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் தறிதான். தரையில் குழி வெட்டி, அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறார்கள். கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை வீசுகிறது.

நெசவாளிக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் அவருடைய மனைவி.

"அம்மாவும் நெய்வார்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"அவ இல்லேன்னா சேலையே இல்லை, தம்பி. கரைக்குத் தனி நாடா. அதைப் போட இன்னொரு கை வேணும்" என்றார்.

இதுதான் கோர்வை. காஞ்சிப் பட்டின் உயிர் அது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். சாதாரணமாக நெய்தால், உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடிவிடும். இரண்டு நிறமும் கலந்து கரை மங்கிப்போகும். காஞ்சி நெசவாளி அப்படி விடுவது இல்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா. உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு திரும்பும். அதனால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது. பச்சை உடல் பச்சையாகவே நிற்கிறது. சேலை நைந்தாலும் கரை பிய்யாது என்று பாட்டிமார்கள் சொன்னதற்குக் காரணம் இந்தப் பிடிப்புத்தான்.

முந்திக்கும் நிறம் மாற்ற வேண்டுமானால் இன்னும் பெரிய வேலை. உடலின் பாவு இழை ஒவ்வொன்றையும் முந்தியின் பாவு இழையோடு கையால் இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! இதற்குப் பெட்னி என்று பெயர்.

ஒரு நல்ல கோர்வைச் சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வேலைப்பாடு அதிகம் என்றால் ஒரு மாதம்கூட ஆகும். இரண்டு பேர் உழைக்கிறார்கள். கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.

"மழைக்காலத்தில்?"

"குழியிலே தண்ணி ஊறும். தெருவிலே பாவு நீட்ட முடியாது. பட்டு நூல் ஈரத்துக்கு ஒத்துவராது. தறி சும்மா கிடக்கும், நாங்களும் சும்மா கிடப்போம்" என்று சிரித்தார்.

"உங்கள் பிள்ளை?"

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி சொன்னார்: "கம்பெனிக்குப் போறான். பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போவுது. மழை பெஞ்சாலும் ஒண்ணாந் தேதி சம்பளம் வருது."

வழியில் பார்த்த தொழிற்சாலைகள் நினைவு இருக்கிறதா? அந்தப் பிள்ளையை நாம் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் இருந்தால் நாமும் அந்தப் பஸ்ஸில்தான் ஏறுவோம். தகப்பன் தொழிலைப் பிள்ளை செய்யாவிட்டால் உலகம் கெட்டுவிடாது. படித்து வேறு வேலைக்குப் போகட்டும்.

ஆனால் இந்த வேலைக்கு வரவேண்டிய பணம் வேறு யாரோ ஒருவர் பைக்குப் போகிறது. அதைத்தான் சும்மா விடக்கூடாது!

கைத்தறி என்ற பெயரில்

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்காள் மகள் கல்யாணத்துக்குக் கைத்தறிக் கோர்வைப் பட்டு என்று சொல்லி ஒரு கடையில் முகூர்த்தச் சேலை வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் சேலையைத் திருப்பிப் பார்த்தார். கோர்வையும் இல்லை, கைத்தறியும் இல்லை. மின்சாரத் தறியில் ஓட்டியது! பில்லில் "பட்டுச் சேலை 1" என்று மட்டும் இருந்தது. எதை வைத்துக் கேட்பது? அக்காள் ஒரு வாரம் அழுதாள். சேலை என்னவோ பளபளப்பாகத்தான் இருந்தது.

மின்சாரத் தறிச் சேலை விற்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் அதை வாங்கட்டும். ஆனால் அதை அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும். கைத்தறிப் பெயரைச் சொல்லி விற்றால், வாங்குகிறவரும் ஏமாறுகிறார், பிள்ளையார்பாளையத்துக் குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து இருப்பவரும் ஏமாறுகிறார்.

இந்தச் சண்டை புதியது அல்ல. ராஜாஜி முதல்-மந்திரியாக இருந்தபோது, 1952-54-ம் ஆண்டுகளில், வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வற்புறுத்தினார். அதே சமயம் அவரை எதிர்த்த அண்ணா, 1953-ம் ஆண்டு கைத்தறித் துணியைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றார். அண்ணா 1909-ம் ஆண்டு காஞ்சியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. மற்ற விஷயங்களில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் தறி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்.

1985-ம் ஆண்டு மத்திய அரசு சட்டமே போட்டது. குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். சேலையும் அதில் உண்டு. 2005-ம் ஆண்டு காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டம் இருக்கிறது. குறியீடு இருக்கிறது. ஆனால் கடைக்குப் போய்ச் சேலையைத் திருப்பிப் பார்க்கும் அதிகாரி வேண்டுமே! அந்த ஆட்களை அதிகப்படுத்த வேண்டும். தண்டனை பெற்றவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியவேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நேர்மையாக விற்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கைத்தறியா, மின்சாரத் தறியா என்று பில்லில் எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? எழுத மறுக்கிறவர் யார் என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும். அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்கினால் இன்னும் நல்லது.

வாங்கும்போது கவனியுங்கள்

தாய்மார்களே! பட்டு முத்திரை இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். பட்டு முத்திரை, நூல் பட்டுதான் என்று சொல்லும். யார் நெய்தது என்று சொல்லாது. மின்சாரத் தறியில் நெய்த பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறி முத்திரை வேறு. இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலையைத் திருப்பிப் போடுங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். கோர்வை என்றால் நூல்கள் பின்னிக்கொண்ட தடம் விரலுக்குத் தெரியும். உடலின் நிறம் கரைக்குள் ஓடியிருந்தால் அது கோர்வை அல்ல. கோர்வை இல்லாத கைத்தறிச் சேலையும் உண்டு. அதற்கு வேலை குறைவு. விலையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

நல்ல ஜரிகை, சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓரத்து இழை ஒன்றைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.

ஆட்டோக்காரர் அழைத்துப் போகும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது இல்லை. அவருக்குக் கமிஷன் உண்டு. நெசவாளர்களின் கூட்டுறவு சங்கங்கள் நடத்தும் விற்பனை நிலையங்கள் ஊரில் பல இருக்கின்றன. அங்கேயும் ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஒரு நாளில் எல்லாம் முடியாது என்கிறீர்களா? முடியாதுதான். கோவில்களும் மதியம் நடை சாத்திவிடுகின்றன. சனிக்கிழமை மாலையே போய் ஓர் இரவு தங்குங்கள். பொழுது விடிந்ததும் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போங்கள். ஏழு மணிக்கு முன்னால் போனால் பாவு நீட்டுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் சுருட்டிவிடுவார்கள். வாசலில் நின்று "தறி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நான் போன வீடுகளில் யாரும் மறுக்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். குழந்தைகள் பாவைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.