பட்டமும் வேண்டும், பட்டறையும் வேண்டும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. பொறியியல் பயிலும் நம்மில் பலர் நான்கு ஆண்டுகளாக அந்தச் சுரைக்காயைத்தான் பயிரிட்டு வருகிறோம். முறுக்கு விசையைக் கணக்கிடத் தெரியும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினால் மரை தேயும் என்பது கைக்குத் தெரியாது. வரைபடத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமென எளிதாக எழுதிவிடுகிறோம். லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி அதற்காக எத்தனை முறை அளந்து பார்க்க வேண்டும், அதனால் விலை எவ்வளவு ஏறும் என எண்ணுகிறோமா? இவற்றைத் தொழிற்சாலையில்தான் கற்க முடியும்.

பயிற்சிக்குத்தான் எல்லோரும் போகிறோமே என்பீர்கள். பலர் போவது சான்றிதழுக்காக! காசு கட்டினால் விடுதி அறைக்கே சான்றிதழ் வந்து சேரும் காலம் இது. உண்மையாகவே தொழிற்சாலைக்குச் செல்பவர்களுக்கோ ஒரு மூலையில் நாற்காலி போட்டு, ஆறு வாரம் உட்கார வைத்து, கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறார்கள். குற்றம் மாணவனுடையது மட்டுமா? வழிகாட்ட ஆளில்லாத பயிற்சி, மீகாமன் இல்லாத மரக்கலம் அன்றோ?

இராமேசுவரத்து அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். பின்னாளில் அவர் பொறுப்பில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டு 10-இல் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் நிருபர்கள் முன் தாமே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-இல் வெற்றி கிட்டியபோது, நிருபர்களிடம் பேசக் கலாமை முன்னே அனுப்பினார். வழிகாட்டி என்பவர் இப்படித்தான் இருக்க வேண்டும்!

நாட்டில் வழியே இல்லாமல் போய்விடவில்லை. பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் 1973 முதல் தொழிற்பயிற்சியைப் பாடத்தின் அங்கமாகவே வைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் நடத்தி வருகிறது. 1961-இல் வந்த பயிற்சியாளர் சட்டம், 1973-இல் திருத்தப்பெற்று, பட்டம் பெற்ற பொறியாளருக்கும் விரிந்தது; அதன்கீழ் உதவித்தொகை உண்டு. ஆனால், கோடை விடுமுறையில் பயிற்சிக்குச் செல்லும் சாதாரண மாணவனுக்கு அத்தகைய உரிமை இல்லை.

இங்குதான் அநீதி தலைகாட்டுகிறது. ஊதியமில்லாப் பயிற்சிக்கு யாரால் போக முடியும்? அயலூரில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளையால் முடியும். தஞ்சைக் குத்தகைதாரர் மகனும் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளி மகளும் என்ன செய்வார்கள்? விடுமுறையில் ஊருக்குப் போய்விடுவார்கள், அடுத்த ஆண்டு நேர்முகத் தேர்வில், "அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்பார்கள். திறமையில் குறைந்தவர்களா அவர்கள்?

நம் சங்கம் பொங்கல் விழா எடுக்கிறது, நாடகம் போடுகிறது. நன்று. இதையும் செய்யட்டும். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் இளையவர் இருவரைத் தம் பொறுப்பில் ஏற்கட்டும். நகரங்களில் பணியாற்றும் நம் பழைய மாணவர்கள், பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு மாதம் தங்க இடம் தேடிக் கொடுக்கட்டும். எந்தத் தொழிற்சாலையில் வேலை கற்பித்தார்கள், எங்கே வெறுமனே உட்கார வைத்தார்கள் என்று போய்வந்தவர்கள் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

பயிற்சிக்குச் செல்லும் தோழர்களுக்கு ஒரு சொல். மேலாளர் அறையைச் சுற்றாதீர்கள். போர்மன் பக்கத்தில் நில்லுங்கள். அவர் பேசுவது இந்தியோ, பஞ்சாபியோ, குஜராத்தியோ, நாலு சொல் பழகிக்கொள்ளுங்கள். அதனால் நம் தமிழ் குறைந்துவிடாது. முப்பது ஆண்டு இயந்திரத்தோடு வாழ்ந்தவர் அவர். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். கையில் எண்ணெய்க் கறை படியட்டும். சோப்புப் போட்டால் அது போய்விடும்; கற்ற தொழில் போகாது.