அண்டை வீட்டுக் கோழி

கோழியால் வரும் பூசல் நம் காலத்தில் பிறந்ததன்று. பட்டினப்பாலையில், முற்றத்தில் காயும் உணவைக் கவர வரும் கோழியைக் காதணியை எறிந்து விரட்டுகிறார்கள் பெண்கள். அது எவர் வீட்டுக் கோழி என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. குறுந்தொகையின் 107ஆம் பாடலிலோ, இன்துயிலைக் கலைத்த சேவல் காட்டுப்பூனைக்கு இரையாகுமாறு சபிக்கப்படுகிறது. அச்சாபத்தை வகுப்பறையில் வியந்து சுவைக்கும் நாம், அதே எரிச்சலை அடுத்த வீட்டார் வெளியிட்டால் பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். இது நேர்மையாகாது.

புழக்கடைக் கோழி வேண்டும் என்பதே நம் கட்சி. பல வீடுகளில் அது பெண்களின் சிறுவாடு. எவரிடமும் கைநீட்டாமல் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது முட்டை விற்ற காசுதான். வயல்கள் மனைகளாகிச் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் எழும்பிய பின், நேற்றுக் குடிவந்தவரின் முறையீட்டால் அந்தச் சிறுவாடு பறிபோவது கொடுமை. ஆயினும் ‘நாங்கள் தலைமுறையாக வளர்க்கிறோம்’ என்பது மறுமொழியாகிவிடாது. முட்டை ஒரு வீட்டுக்கு; ஓசையும் நாற்றமும் இரு வீட்டுக்கும். ஆகவே பயன் பெறுபவரே முதற்பொறுப்பு ஏற்க வேண்டும்.

அப்பொறுப்பு பெரிய சுமையும் அன்று. விடியற்காலைக் கூவல் சேவலுடையது. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். பெட்டை முட்டையிட அது தேவையில்லை. முட்டையிட்டபின் பெட்டை கொக்கரிப்பது சிறிது நேரமே. எச்சம் ஈரமாகத் தேங்கும்போதுதான் நாற்றம் மிகும். கூண்டில் உமியோ மரத்தூளோ பரப்பி அடிக்கடி அள்ளி எருக்குழியில் சேர்த்தால் அது தணியும். எலியை அழைப்பது கோழியன்று, இரவில் சிதறிக் கிடக்கும் தீவனம். அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறாதிருக்க ஒரு வலைத்தடுப்புப் போதும்.

நோய் பற்றிய அச்சத்தை மட்டும் எளிதாகக் கருதக்கூடாது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதை நாடே அறியும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவதும், கோழிகள் கூட்டமாக மடிந்தால் தெருவில் வீசாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பதும் ஊருக்கே செய்யும் கடமைகள்.

முறையிடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. ‘கோழியே கூடாது’ என்பதை விடுத்து, எது தொல்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதுவும் நகராட்சிக்கு மனு எழுதுமுன் வேலியோரம் நின்று சொல்ல வேண்டும். பிரான்சின் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவலின் கூவல் நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் தீர்ப்புச் சேவலின் பக்கம் வந்தது. 2021இல் நாட்டுப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமும் அங்கே இயற்றப்பட்டது. சேவலுக்குச் சட்டம் துணை நிற்கலாம். ஆனால் வழக்காடிய இரு வீட்டாரும் மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டுமே! அதற்கு எந்தச் சட்டமும் உதவாது.

முதல் முறையீடு வருமுன்பே, வளர்ப்பவர் அடுத்த வீட்டுக்குச் சென்று ‘எங்கள் கோழியால் தொல்லை உண்டா?’ என்று கேட்டுவிடலாம். பெரும்பாலான பூசல்கள் அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் வளர்ந்தவையே.