பைக் ரோடு டாக்ஸை ஐடி ரிட்டர்ன்ல கழிக்கலாமா? தப்பான இடத்துல தேடுறோம்!

ஜூலை வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும். "அண்ணா, இந்த வருஷம்தான் பைக் எடுத்தேன். ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன்னு பத்தாயிரத்துக்கு மேல போச்சு. ரிட்டர்ன்ல கழிக்கலாமா?"

நேரடி பதில்: சம்பளக்காரங்களுக்கு முடியாது. பழைய முறை, புதிய முறை ரெண்டுலயும் கிடையாது.

அப்போ குழப்பம் எங்க இருந்து வருது? அமெரிக்காவுல வண்டி மதிப்பை வச்சு வருஷா வருஷம் போடுற வரியைச் சிலர் கழிச்சுக்கலாம். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துட்டு இங்க தேடுறாங்க. இங்கேயும் தொழில் செய்றவர் சரக்கு ஏத்த வேன் வாங்கினா, ரோடு டாக்ஸையும் வண்டி விலையோட சேர்த்து தேய்மானம் காட்டலாம். வேலைக்குப் போய் வர்ற நம்ம பைக் அந்தக் கணக்குல வராது.

நமக்கு எதுவுமே இல்லையான்னா, இருக்கு. முன்னாடி போக்குவரத்துப் படியில மாசம் 1,600 ரூபாய்க்கு வரிவிலக்கு இருந்துச்சு. 2018-ல அதையும் மருத்துவச் செலவுச் சலுகையையும் எடுத்துட்டுத்தான் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கொண்டு வந்தாங்க. இப்போ புதிய முறையில அது 75,000 ரூபாய். பில் எதுவும் காட்ட வேண்டாம். உங்க பைக் செலவு ஏற்கெனவே அதுக்குள்ள இருக்குன்னு வச்சுக்கோங்க.

இப்போ அச்சங்குளத்துல இருந்து சிவகாசிக்கு தினமும் பைக்ல போற ஒரு தம்பியை நினைச்சுப் பாருங்க. அச்சாபீஸ்ல கணக்கு வேலை, சம்பளம் 25,000. வருஷத்துக்கு 3 லட்சம். 2025-26-ல சம்பளம் மட்டும் இருக்கிறவருக்கு 12.75 லட்சம் வரை வருமான வரியே இல்லை. அவருக்குக் கழிக்கிறதுக்கு வரியே கிடையாது!

ஆனா ரோடு டாக்ஸ் அவரை விடாது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல டூவீலருக்கு 8 சதவீதமா இருந்ததை ஏத்தினாங்க. ஒரு லட்சம் வரை 10, அதுக்கு மேல 12. மாசம் 25,000 வாங்குறவரும் ரெண்டு லட்சம் வாங்குறவரும் ஒரே பைக்குக்கு ஒரே வரி. பஸ்ஸை நம்ப முடியாத கிராமத்துல பைக் ஆடம்பரம் இல்லை, அதுதான் பொழப்பு. அதனால என் கருத்து இதுதான்: சலுகை கேட்கணும்னா டெல்லிகிட்ட இல்லை, மாநில அரசுகிட்ட கேட்கணும். விலை குறைஞ்ச பைக்குக்கு பழைய 8 சதவீதமே போதும்.

அதுவரைக்கும் மூணு விஷயம்:

1. ஷோரூம்லயே கணக்கு போடுங்க. 1,00,000 ரூபாய் வண்டிக்கு வரி 10,000. 1,05,000 ரூபாய் வண்டிக்கு 12,600. அந்த 5,000 ரூபாய் வித்தியாசம் உண்மையில 7,600.

2. கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினா 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க பேர்ல கட்டின வருமான வரி. 26ஏஎஸ்-ல பார்த்து ரிட்டர்ன்ல கேட்டு வாங்குங்க. நிறைய பேர் இதை விட்டுடுறாங்க.

3. "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்"னு யாராவது இல்லாத செலவைப் போடச் சொன்னா சம்மதிக்காதீங்க. பொய்க் கணக்குன்னு பிடிபட்டா, ஏய்ச்ச வரியோட 200 சதவீதம் அபராதம். ஏஜென்ட் கமிஷனை வாங்கிட்டுப் போயிடுவார், நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்.

பைக் வாங்குற நண்பருக்கு இதை அனுப்புங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி!