மோட்டார் மாத்தப் போறீங்களா? எடையையும் கேளுங்க!

“டூ ஸ்ட்ரோக்கே போதும் மக்களே, தூக்க லேசா இருக்கும்” என்கிறார் அப்பா. “எண்ணெய்க்குப் போடுற பைசா கையில நிக்கலியேப்பா... ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம்” என்கிறான் மகன். பழைய மோட்டார் ஓய்ந்துவிட்டால் குமரிக் கடற்கரை வீடுகளில் தொடங்கும் வழக்கு இது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அப்பா சொல்வது

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம் ஷாஃப்ட், ஆயில் தொட்டி எதுவும் கிடையாது. அதனால் எடை குறைவு. 15 குதிரைத்திறன் யமஹா டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. அதே திறனில் கார்பரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் சில 50 கிலோவைத் தாண்டிவிடும். துறைமுகம் இல்லாத ஊரில் மோட்டாரைக் கழற்றி மணலில் சுமந்து செல்பவருக்குத்தான் அந்த 15 கிலோவின் அருமை தெரியும்.

மகன் சொல்வது

டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புது எரிபொருளும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே கடலுக்குப் போய்விடும். கூடவே கலக்கும் ஆயிலும் செலவுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த இரண்டு நஷ்டமும் இல்லை.

நடுவே ஒரு வழி

எரிபொருளை அளந்து தெளிக்கும் இ.எஃப்.ஐ. இன்ஜின்கள் இப்போது சிறிய அளவிலும் வருகின்றன. கயிற்றை இழுத்தாலே தேவையான மின்சாரம் உண்டாவதால், சில மாடல்களுக்கு பேட்டரி வேண்டாம். 2012-ல் வந்த சுசுகி டி.எஃப்.20ஏ, 20 குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 44 கிலோதான்!

வாங்கும் முன் ஒரு சோதனை

மோட்டாரின் முழு எடையும் படகின் பின்பலகையில்தான் தொங்கும். பின்பக்கம் தாழ்ந்தால் அணியம் தூக்கும். கரை சேரும்போது பின்னாலிருந்து வரும் அலை சுலபமாக உள்ளே ஏறிவிடும். அங்கே போவது பணமல்ல, உயிர்.

எனவே, பழைய மோட்டாருக்கும் புதியதற்கும் எத்தனை கிலோ வித்தியாசமோ, அத்தனை கிலோ மணலை மூட்டை கட்டுங்கள். அமைதியான தண்ணீரில், பழைய மோட்டார் இருக்கும்போதே அதைப் பின்பலகை ஓரம் வையுங்கள். ஆட்கள், வலை, எண்ணெய் கேன் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் வடியும் துளை முழுகினால் அந்த எடை உங்கள் படகுக்கு ஆகாது. கேனை முன்னால் நகர்த்தி மறுபடியும் பாருங்கள்.

மறக்கக் கூடாத மூன்று

* ஷாஃப்ட் நீளம் 15 அங்குலமா, 20 அங்குலமா என்று பின்பலகையை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.
* ஃபோர் ஸ்ட்ரோக்கை, கம்பெனி சொல்லும் பக்கமாக மட்டுமே சாய்த்துப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.
* பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

கடையில் ‘எத்தனை ஹெச்.பி.?’ என்று அப்பாவும் கேட்பார், மகனும் கேட்பான். ‘எத்தனை கிலோ?’ என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டால் வீட்டு வழக்கு பாதி தீர்ந்த மாதிரிதான்!