பெயர்ப்பலகை மாறட்டும், கணக்கு ஆசிரியரும் வரட்டும்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கி வரும் அரசுப் பேருந்தில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள். பாதிப் பேருந்து பள்ளிப் பிள்ளைகள்தான். எல்லோருக்கும் அரசு கொடுத்த ஒரே சீருடை, ஒரே பை. யார் எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்ல முடியாது. "எந்த ஸ்கூல்பா?" என்று யாராவது கேட்டால்தான் வேறுபாடு தெரியும். சில பிள்ளைகள் பள்ளியின் பெயரை முழுதாகச் சொல்வார்கள். சிலர் "கவர்மென்ட் ஸ்கூல்" என்பதோடு நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்கள் பள்ளியின் பெயர் "அரசு ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளி". பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாக ஆகிவிடும்.

இது இன்று தொடங்கிய தயக்கமா? நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்ற பெயரையே தலையில் தாங்கிப் பத்திரிகை நடத்தியவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். அப்படிப்பட்டவரே கோயம்புத்தூரில் படித்த காலத்தில் சக மாணவர்களோடு நெருங்கிப் பழகப் பயந்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பழகினால் ஊர், உறவு, சாதி எல்லாம் கேட்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள். அதனால் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்து வகுப்புக்குள் போவார். அன்று ஒரு மாணவன் தன் சாதியை மறைத்தான். இன்று ஒரு மாணவி தன் பள்ளியின் பெயரை மறைக்கிறாள். ஒன்றரை நூற்றாண்டில் நாம் வந்த தூரம் எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பள்ளிகளை என்ன செய்வது என்ற கேள்வி சில ஆண்டுகளாகவே அரசின் முன்னால் இருக்கிறது. 2023 மார்ச் 20 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலத் துறை உள்ளிட்ட பல துறைகள் நடத்தும் பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது, இப்பள்ளிகள் ஒரே துறையின் கீழ் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 ஜூலை 7 அன்று, நலத் துறைகளின் 2,739 மாணவர் விடுதிகளும் இனி "சமூகநீதி விடுதி" என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். விடுதிக்குப் பெயர் மாறியது. பள்ளிகளின் இணைப்பு மட்டும் அறிவித்த வேகத்தில் நடக்கவில்லை. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தலித் இயக்கங்களுக்குள்ளேயே இருப்பதுதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம்.

எப்படி வந்தன இந்தப் பள்ளிகள்?

இதன் வேர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையே சொந்தமில்லாத மக்கள், கடனுக்கு அடிமையாகிப் பண்ணையில் கிடப்பவர்கள் என்று அதில் விவரித்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அடுத்த ஆண்டு, 1893இல், பஞ்சமர் கல்விக்குத் தனி உதவி தரும் அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு பகுதியில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் சேரிகளுக்குள் பள்ளி வைத்தார்கள். 1920களில் லேபர் கமிஷனர் துறை அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் அது அரிசன நலத் துறையாகி, பிறகு ஆதிதிராவிடர் நலத் துறையானது.

தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? ஊர்ப் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்தது. அந்தத் தெருவுக்குள் நம் பிள்ளை நடக்கவே முடியாது. சட்டம் "சேர்த்துக்கொள்" என்று சொன்னாலும், சேர்த்த மறுநாளே மற்ற பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே, பள்ளியே சேரிக்கு வந்தது. நம் தாத்தா பாட்டிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தான். அவர்களுக்கு இது இழிவின் சின்னமாக இருக்கவில்லை, உள்ளே நுழைய முடிந்த ஒரே வாசலாக இருந்தது. இந்த நன்றியை மறந்துவிட்டு இன்றைய விவாதத்தைப் பேச முடியாது.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

இன்று மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. புறநகரில் இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். இந்தக் கணக்கில் ஒரே ஒரு பணியிடம் காலியானால் என்ன ஆகும்? பெரிய மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போனால் இன்னொருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். இங்கே ஒருவர் போனால் ஐந்து வகுப்புக்கும் கணக்கு போய்விடும். இயற்கணிதமே தெரியாமல் ஒரு தலைமுறை ஒன்பதாம் வகுப்புக்கு ஏறிவிடும்.

அறிவியலுக்கும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு. ஆய்வகம் ஒழுங்காக இல்லாத பள்ளியிலும் அந்த 25 மதிப்பெண் எப்படியோ வந்துவிடுகிறது. தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து எல்லோரும் திருப்தி அடைகிறோம். அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் வேறொரு பள்ளிக்குப் போய், முதன்முதலாகப் பியூரெட்டைக் கையில் எடுக்கும்போதுதான் குறை தெரிகிறது. "ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம் சார்" என்று தானே ஒதுங்கிக்கொள்கிறது. அது பிள்ளையின் விருப்பம் என்று படிவத்தில் பதிவாகிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவர்களும் இதற்குத் தகுதியானவர்களே. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் நம் ஊரில் நிற்கிறது. ஆனால், எட்டாம் வகுப்பிலேயே கணக்கும் அறிவியலும் கைவிட்டுப் போன பிள்ளைக்கு அந்த 7.5 எப்படி எட்டும்?

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். விடுதிக் காப்பாளர் பொறுப்புக்கும் இந்தத் துறையின் ஆசிரியர்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். காப்பாளராகப் போனவர் அரிசி மூட்டை, காய்கறிக் கணக்கு, வருகைப் பதிவேடு என்று சுற்றுவார். அவர் விட்டுப்போன வகுப்பு காத்திருக்கும். விடுதியில் பள்ளி மாணவர் ஒருவருக்கு உணவுப்படி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்ததே 2023இல்தான். நாளுக்கு 47 ரூபாய்கூட வராத பணத்தில் மூன்று வேளை சோறு போட வேண்டும். மாவட்டத்தில் இந்தப் பள்ளிகளுக்குப் பொறுப்பான நல அலுவலர் பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வருபவர். பட்டா, வீட்டுமனை, நிலம் எடுப்பு எல்லாம் அவர் மேசையில். கற்பித்தலைப் பற்றிப் பேச அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

வெளியே இழுக்கும் விசைகளும் அதிகம். கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டுகள், கல்யாண மண்டபங்கள். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போனால் கையில் காசு. திங்கட்கிழமை அந்தப் பையன் வகுப்பில் தூங்குகிறான், செவ்வாய்க்கிழமை வருவதில்லை. பாலாற்றுக் கரையோர இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் இடம்பெயரும்போது பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்ட பூஞ்சேரி நரிக்குறவர் பெண் 2021இல் பேசியது நாடெங்கும் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் முதல்வரே பூஞ்சேரி வந்து பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். ஒரு பிள்ளை பள்ளியில் நீடிக்கச் சோறும் சான்றிதழும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

இணைப்பு: இரு பக்க நியாயம்

இணைக்க வேண்டும் என்பவர்கள் சொல்வது: தனித் துறை, தனிப் பெயர் என்றால் சாதி வேலி தொடர்கிறது. பள்ளிக் கல்வித் துறையில் பாட ஆய்வு உண்டு, பயிற்சி உண்டு, பெரிய ஆசிரியர் பட்டியல் உண்டு. காலியிடத்தைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கொண்டு நிரப்பலாம்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது: இந்தப் பள்ளிகளின் இடமும் கட்டடமும் நம் மக்களுக்காக ஒதுக்கிய நிதியில் வந்தவை. துறை மாறினால் அந்த நிதி எங்கே போகும்? மாணவர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி, இணைத்த மறுஆண்டே மூடிவிட்டால்? நம் சமூகத்து ஆசிரியர்களின் பதவி உயர்வு என்ன ஆகும்?

இந்தப் பயம் வீண் பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் 1954இல் உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. உலகமே கொண்டாடிய தீர்ப்பு. அதை நடைமுறைப்படுத்தியபோது தென்மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்தான். பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். வெள்ளையர் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குத் தங்களைப் புரிந்த ஆசிரியர் இல்லாமல் போனார். சுவர் இடிந்தது சரி. சுவருக்குள் இருந்தவர்களைக் காக்கும் ஏற்பாடு இல்லாமல் இடித்தது தவறு.

ஆகவே நம் நிலை இதுதான். பெயரிலிருந்து சாதி நீங்கட்டும். ஒரே துறை ஆகட்டும். ஆனால், நான்கு உறுதிகள் எழுத்தில் வேண்டும். ஒன்று, மாணவர் எண்ணிக்கையைக் காட்டி எந்தப் பள்ளியையும் மூடக் கூடாது. இரண்டு, பள்ளியின் நிலமும் கட்டடமும் வேறு பயன்பாட்டுக்குப் போகக் கூடாது. கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று நமக்குத் தெரியும், பஞ்சமி நிலத்துக்கு நேர்ந்த கதையும் தெரியும். 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்களை நாம் இதே செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்தோம். மூன்று, ஆசிரியர்களின் பணிமூப்பும் பதவி உயர்வும் பாதிக்கக் கூடாது. நான்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியைப் பற்றி 2024இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதி இந்தப் பிள்ளைகளையே பின்தொடர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசு முடிவெடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், "எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை?" என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கிராம சபையிலும் அதே கேள்வியை வையுங்கள். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாணவர்களே, எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டு உதவித்தொகை கிடைக்கும். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள் என்று கேளுங்கள். சாதிச் சான்றிதழைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போனால், மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தாக்குப்பிடிப்பதுதான் அதற்கெல்லாம் வழி.

ஊரில் படித்து வேலைக்குப் போன அண்ணன், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகேந்திரா சிட்டியிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்ப்பவர்கள் நம் காலனிகளில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் வரும்வரை வாரத்துக்கு இரண்டு மாலை இரவுப் பாடசாலையில் உட்கார முடியாதா? நமக்கும் ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.

நாளைக்குப் பேருந்தில் "எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டால், அந்தப் பெண் பிள்ளை தயங்காமல் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பலகையில் எழுத்து மாறினால் பாதி வேலை முடியும். "எங்க கணக்கு சார் சூப்பரா நடத்துவார்" என்று அவள் அடுத்த வார்த்தையும் சொன்னால்தான் மீதி வேலையும் முடியும்.